எரிக்கணுமா, அனுப்பணுமா?

கராமாவில் ஒருவரையும் நிம்மதியாகச் சாக விடாத ஒரே மனிதர் எங்கள் சுபேதார்தான். உயிரோடு இருப்பவர்களையும் அவர் நிம்மதியாக விட்டதில்லை என்பது என் மனைவியின் கட்சி. இரண்டுக்கும் என்னிடம் சாட்சி இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் சுபேதாரே இல்லை. பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்து, சுபேதாருக்கு மூன்று படி கீழே, நாயக் என்ற பதவியோடு வெளியே வந்தவர். துபாயின் கராமா பகுதியில் எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தின் காவலாளி. இங்கே அந்த வேலைக்கு நாத்தூர் என்று பெயர். காக்கிச் சட்டையும் முறுக்கிய மீசையுமாக அவர் லிஃப்ட் பக்கத்தில் விறைப்பாக நிற்பதைப் பார்த்த யாரோ ஒருவர் சுபேதார் என்று கூப்பிட்டுவிட்டார். ராணுவம் பதினேழு வருஷத்தில் கொடுக்காத பதவியை எங்கள் கட்டடம் ஒரே வாரத்தில் கொடுத்தது. ஆனால் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. யார் எப்போது அப்படிக் கூப்பிட்டாலும், "நாயக் சார்" என்று திருத்திவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவார்.

நாங்கள் குடிவந்த அன்று, வண்டியிலிருந்து பீரோவை இறக்கிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு பக்கம் பிடித்து உதவினார். கட்டில் வந்தது, அதற்கும் தோள் கொடுத்தார். என் மனைவி நெகிழ்ந்துபோய், "பாவம், வயசானவர், ஒரு காபி குடிச்சிட்டுப் போகட்டும்" என்றாள். காபி வந்தது. குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, கையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டு, நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை விரித்தார்.

"சார், உங்களுக்கு எரிக்கணுமா, அனுப்பணுமா?"

நான் பழைய அட்டைப்பெட்டிகளைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். "எரிச்சிடுங்க, நாயக். எதுக்கு வீணா அனுப்பிக்கிட்டு?" என்றேன்.

"டீக் ஹை" என்று எழுதிக்கொண்டார். "அம்மாவுக்கு?"

அவர் கேட்டது எங்கள் பிணங்களைப் பற்றி என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அந்த வீட்டில் என் மனைவி முதல்முதலாக உடைத்த பொருள் அந்தக் காபி டம்ளர். அன்றைக்கே அவருக்கு 'எமன் ஏஜென்ட்' என்று பெயரும் வைத்துவிட்டாள். நானும் என் பதிலை அடிக்கச் சொன்னேன். அவர் முகம் கோணாமல் அடித்துவிட்டு, "பின்னாடி கேக்கிறேன் சார்" என்றார். அந்த 'பின்னாடி' மூன்று வருஷம் நீடித்தது. தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்தாலும், ஏசி ஆளை அழைத்து வந்தாலும், போகும்போது வாசலில் ஒரு கணம் நின்று என்னைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். அவர் போய்விடுவார்.

எங்கள் கதையாவது பரவாயில்லை. மூன்றாவது மாடியில் வங்கி அதிகாரி ஒருவர் இருந்தார். அவருடைய மாமனார், பேத்தியின் பிறந்தநாளுக்காகக் கும்பகோணத்திலிருந்து விசிட் விசாவில் வந்திருந்தார். கேக் வெட்டி, எல்லோரும் கைதட்டி ஓய்ந்த நேரம். கதவருகே நின்ற சுபேதாருக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நேரே மாமனாரிடம் போனார்.

"ஐயா, இன்சூரன்ஸ் போட்டுக்கிறீங்களா?"

"மாப்பிள்ளை எடுத்திருக்கார். ஏன்?"

"அதுல பாடிய ஊருக்கு அனுப்புறது சேருமான்னு பாத்தீங்களா? செல பேருக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் தான் எழுதிக்கிறான். அப்பால கைய விரிச்சுடுவான்."

பெரியவர் வாயில் இருந்த கேக்கை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். இரண்டு மாதம் இருப்பதாக வந்தவர் பத்தே நாளில் ஊர் திரும்பினார். போகும்போது இன்சூரன்ஸ் காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போனார் என்று கேள்வி.

எனக்கும் ஒரு நாள் வந்தது. நான் ஏசி கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். மதியம் பரோட்டாவை ஒரு பிடி பிடித்துவிட்டு அலுவலகம் கிளம்பியவன், லிஃப்ட் அருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். யாரும் கவனிப்பதற்கு முன்னால் சுபேதார் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார், சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டார், கால்களைத் தூக்கிவைத்து விசிறினார். என்னைப் பெற்றவர்கள்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டார்கள் என்று கண் கலங்கியபோது காதருகே குனிந்தார்.

"சார், திருச்சி டவுனா, பக்கத்துல கிராமமா?"

"ஏன்?" என்றேன், மூச்சு வாங்க.

"டவுன்னா நல்லது. ஏர்போர்ட்லேருந்து கிட்டக்க கீது."

வந்தவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு வாயு என்றார்கள். என் மனைவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் பேசினால்தானே இவள் பேசாமலிருப்பது அவருக்குத் தெரியும்? ஒன்றும் நடக்காதது போல வணக்கம் வைத்துக்கொண்டே இருந்தார்.

இப்படி ஒரு மனிதர் ஏன் ஆனார் என்பது எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அவருக்குத் தெரிந்த முன்னாள் சிப்பாய் ஒருவர், இங்கே ஒரு கிட்டங்கியில் காவல் வேலை பார்த்தவர், இறந்துவிட்டார். ஊரில் யாரும் இல்லை. ஜெபல் அலி பக்கம், ஊர் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இருக்கும் தகன மேடையில் எரிப்பதென்று தூதரகத்தில் அனுமதி வாங்கியாயிற்று. தூக்க ஆள் வேண்டும். என்னையும், கீழே மெஸ்ஸில் சமையல் செய்யும் முருகேசனையும், கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனார்.

பெட்டியைத் தோளில் ஏற்றியதும் சுபேதார் உரக்க, "தீரே சல்!" என்றார். ராணுவத்தில் சவத்தோடு மெதுவாக நடப்பதற்கான கட்டளையாம். முருகேசனுக்கு இந்தியில் தெரிந்தது, "ஜல்தி" ஒன்றுதான். அவர் அவசரமாக ஓட, நான் பின்னால் இழுபட, பெட்டி குறுக்கே திரும்பி வாசலில் முட்டிக்கொண்டது. அந்த வெயிலிலும் சுபேதார் எங்களை இறக்கி வைக்கச் சொல்லி, இடதுகால் வலதுகால் சொல்லிக்கொடுத்து, திரும்ப வாசலிலிருந்து நடக்க வைத்தார். "அவரு இருவது வருஷம் கால் மாத்தி வச்சதில்ல சார். கடசீ நாள்ல நாம கெடுக்கக் கூடாது."

வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, நானாகக் கேட்டேன். எதற்கு இந்த நோட்டு?

"நான் வந்த புதுசுல கேம்ப்ல இருந்தேன் சார். எனக்கு மேல் கட்டில்ல ஒருத்தரு. ஏழு மாசம் ஒண்ணா இருந்தோம். ஒரு நாள் டூட்டிக்கு எழுப்புறேன், எழுந்திரிக்கல. ஊரு எதுன்னு போலீஸு கேக்கிறாங்கோ. எனக்குத் தெர்ல. கொழம்புல உப்பு கம்மியா போடுவாரு, வலது பக்கமா திரும்பி படுப்பாரு, அதெல்லாம் தெரியும். ஊரு தெர்ல. பாஸ்போர்ட்டு கம்பெனி கையில. அந்தக் கம்பெனி மூடிட்டான். போனு பூட்டிக்கிது. அவரு ஐஸ் பெட்டியில எத்தினி நாளு கெடந்தாருன்னு நெனைக்கிறீங்க?"

அவர் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

அந்த நோட்டுக்கு உண்மையான வேலை வந்தது ருவைஸிலிருந்து. அபுதாபியைத் தாண்டி மேற்கே, கடலோரம் எண்ணெய் ஆலைகள் நிற்கும் ஊர். அங்கே ஒரு ஒப்பந்தக் கம்பெனியின் கேம்ப்பில் மாணிக்கம் என்று ஒரு காவலாளி. சுபேதாரோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவர், குடியாத்தம் பக்கத்து ஊர்க்காரர். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், டூட்டி முடிந்து வந்து சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்தபடியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு.

மறுநாள் காலை சுபேதார் என் வீட்டு வாசலில் நின்றார். நோட்டு கையில். அதில் மாணிக்கம் பெயருக்கு நேரே 'அனுப்பணும்' என்று இருந்தது. "சார், வண்டி எடுங்க" என்றார். என் மனைவி வாயைத் திறப்பதற்குள், "அம்மா, அவரு சம்சாரம் போன்ல கீறாங்க" என்று செல்போனை நீட்டினார். அவள் எதற்காக அதை வாங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு நிமிஷம் கேட்டாள். பிறகு சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

விஷயம் இதுதான். மாணிக்கம் இந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது கல்யாணம் ஆகவில்லை. வாரிசு என்ற இடத்தில் தம்பியின் பெயரை எழுதியிருந்தார். பிறகு மாற்றவில்லை. இப்போது தம்பி கம்பெனிக்குக் கடிதம் அனுப்பிவிட்டார்: உடலை அங்கேயே எரித்துவிடுங்கள், சாம்பல் போதும். கம்பெனிக்கும் அதுதான் சுலபம். ஆனால் மனைவி செல்வி போனில் ஒரே பல்லவியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க ஆளுங்கள எரிக்கிற வழக்கம் இல்லீங்க. பொதைப்போம். எனக்கு மூஞ்சியப் பாக்கணும். பாத்துட்டு அப்பால நீங்க இன்னா சொன்னாலும் கேக்கிறேன்."

தம்பிக்கு ஏன் இந்த அவசரம் என்றும் அவளே சொன்னாள். தங்கள் பங்கு நிலத்தில் புதைக்கச் சொல்லி மாணிக்கம் எப்போதோ சொல்லியிருக்கிறார். அண்ணன் தம்பிக்கு இன்னும் பாகம் பிரியாத நிலம். தம்பி அதை விற்கப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு சமாதி இருக்கிற நிலத்தை எவன் வாங்குவான்?

ருவைஸில் அந்தக் கம்பெனியின் அரசாங்க வேலைகளைப் பார்க்கும் மந்தூப், கான் சாகிப் என்ற பாகிஸ்தானியர். தாடிக்கு மருதாணி போட்ட ஆஜானுபாகு. எங்களைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். சுபேதார் உட்காரவில்லை. மேஜைக்கு முன்னால் விறைப்பாக நின்றார். கான் சாகிப் இரண்டாம் தடவை சொன்னார். மூன்றாம் தடவை சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஃபௌஜி?"

"ஜீ. நாயக். பியூகிள் ஊதுறவன்."

அவர் எழுந்துவிட்டார். அவரும் பழைய சிப்பாய், எல்லைக்கு அந்தப் பக்கம். எந்தப் பகுதி, எந்த வருஷம் என்று இந்தியில் மளமளவென்று கேள்விகள் பறந்தன. கடைசியில் பார்த்தால் ஒரே மலைக்கு இரண்டு பக்கமும் ஒரே குளிர்காலத்தில் இவர்கள் இரண்டு பேரும் இருந்திருக்கிறார்கள். நான் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். கான் சாகிப் மேஜையைத் தட்டினார்.

"உங்கள் பக்கம் ஒருத்தன் தினமும் விடியும் முன்னால் ஊதுவான். காற்று இந்தப் பக்கம் அடித்தால் எங்களுக்கும் தூக்கம் போகும். அவன் கையில் கிடைத்தால் என்று நான் சபதமே போட்டிருந்தேன்."

சுபேதார் கொஞ்சம் யோசித்தார். பிறகு கை கூப்பினார். "மாஃப் கரோ, பாய்."

திரும்பி வரும் வழியில், உண்மையிலேயே அது நீங்கள்தானா என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும் சார்? நாலு பேரு ஊதுவோம். காரியம் ஆவணும்ல. மன்னிப்பு கேட்டா கொறஞ்சா போயிடுவோம்?"

கான் சாகிப் அதற்குப் பிறகு டீ வரவழைத்தார். யார் பக்கத்து டீ மோசம் என்று இருவரும் சண்டை போட்டார்கள். பிறகு அவர் தம்பியின் கடிதத்தை எடுத்து ஒரு தடித்த கோப்புக்கு அடியில் செருகினார். இரண்டு நாளைக்கு இந்தக் காகிதம் என் மேஜையில் தொலைந்துபோகும், அதற்குள் அவள்தான் மனைவி என்று உன் ராணுவம் சொன்ன காகிதம் கொண்டு வா என்றார்.

ராணுவம் சொன்ன காகிதம் சுபேதாரின் தகரப் பெட்டியில் இருந்தது. தனக்குத் தெரிந்த ஒவ்வொரு முன்னாள் சிப்பாயின் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் நகல் எடுத்து அடுக்கி வைத்திருந்தார். மாணிக்கத்துடையதை உருவினார். கல்யாணம் ஆனபின் மனைவி பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் எழுதியிருந்தது 'செல்வராணி'. ஆதார் அட்டையில் 'செல்வி'. இரண்டும் ஒருத்திதான் என்று யாராவது முத்திரை குத்திச் சொல்ல வேண்டும்.

சுபேதார் போனில் செல்வியிடம், வேலூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகச் சொன்னார். அவள் தனியாக பஸ் ஏறி வேலூர் போனதே இல்லை. "நீ போம்மா, நான் போன்லயே கூட வர்றேன்" என்றார். வந்தார். லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொண்டு, கராமாவிலிருந்து அவளை வேலூர் பஸ் நிலையத்துக்குள் நடத்தினார். "ரைட்ல திரும்பு. பழக்கடை தெரியுதா? தெரியலன்னா கேளு." இடையில் பார்சல் கொண்டு வந்த ஆளும், லிஃப்டுக்கு வந்த வங்கி அதிகாரியும், 'ரைட்ல திரும்பு' என்று கேட்டுத் திரும்பினார்கள்.

அலுவலகத்தில் அவளை உட்காரவைத்து, பதிவேட்டைப் பார்த்து, அன்று மாலைக்குள் கடிதம் கொடுத்துவிட்டார்கள். அவள் அதைப் படமெடுத்து அனுப்பினாள். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் அவள் கட்டைவிரல் இருந்தது. மறுபடி எடுக்கச் சொன்னார். இப்போது தலைகீழாக வந்தது. மூன்றாவது படத்தில் முத்திரை சரியாக இருந்தது. ஓரத்தில் அவள் முகமும் விழுந்திருந்தது. இவ்வளவு சின்னப் பெண் என்று நாங்கள் அதுவரை நினைக்கவில்லை. சுபேதார் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். மீசையை முறுக்கவில்லை.

போலீஸ், தூதரகம், விசா ரத்து, உடலைப் பதப்படுத்துவது, விமானச் சரக்கு எல்லாம் ஒன்பது நாளில் முடிந்தது. எனக்கு அந்த வாரம் ஆண்டு விடுமுறை, சென்னை வழியாகத் திருச்சி போவதாக இருந்தது. சுபேதாருக்கு விடுப்பு கேட்டுக் கட்டடத்தில் கையெழுத்து வாங்கினோம். அவர் விடுப்பே கேட்டதில்லை என்று கட்டட மேனேஜர் ஆச்சரியப்பட்டார். மாணிக்கம் கீழே சரக்கில், நாங்கள் இருவரும் மேலே இருக்கையில். என் மனைவி மட்டும் இரண்டு நாள் கழித்து வருவதாக ஏற்பாடு. அவள் முணுமுணுக்கக்கூட இல்லை.

ஊரில் பெட்டியைத் திறந்தார்கள். செல்வி பார்த்தாள். நாங்கள் எதிர்பார்த்த மாதிரி கதறவில்லை. முகத்தை இரண்டு கைகளாலும் தடவி, "ஏன் இப்பிடி கறுத்துட்டே?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

செல்வியின் அண்ணன் எங்கிருந்தோ பெரிய தேசியக் கொடி ஒன்று வாங்கி வந்திருந்தார். ஊரார், துப்பாக்கி எப்போது சுடுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுபேதார் அந்தக் கொடியை வாங்கி, மரியாதையாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இவரு ரிட்டையர் ஆகி, மாரடைப்புல போனவரு. இதுக்குக் கொடி கெடையாது, துப்பாக்கியும் கெடையாது. அது டூட்டில செத்தவனுக்கு. நாம எடுத்துப் போட்டுக்கினா அவனுக்கு மரியாத கொறைஞ்சிடும். ஆபீஸ்லேருந்து மலர் வளையம் வரும். நமக்கு உண்டானது அதுதான்."

ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மலர் வளையம் வந்தது. கொண்டு வந்தவரும் பழைய சிப்பாய்தான், சைக்கிளில் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்.

தம்பி வாசலுக்கு வரவில்லை. நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தி அதன் மேல் உட்கார்ந்திருந்தார். ஆட்கள் கோபமாகக் கிளம்பினார்கள். சுபேதார் யாரையும் விடவில்லை. பாடையின் முன்பக்கம் ஒரு மூலையில் அவர், பின்பக்கம் நானும் செல்வியின் அண்ணனும். நாலாவது மூலைக்கு முன்வந்த ஆட்களை ஒரே பார்வையில் பின்னால் தள்ளினார். ஆளில்லாத அந்த மூலையை மற்றவர்கள் கையால் மட்டும் தாங்கி வர, பாதை முனையில் பாடையை இறக்கியதும், டிராக்டரைப் பார்த்துக் கத்தினார்.

"தம்பீ! நாலு பேரு வேணும். மூணு பேரு தான் கீறோம்."

டிராக்டரில் இருந்தவர் அசையவில்லை. சுபேதாரும் அசையவில்லை. வெயில் ஏறியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, தம்பி இறங்கி வந்தார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் குனிந்து மூங்கிலைத் தோளில் ஏற்றிக்கொண்டார். முன்னால் இருந்ததால் வழி அவர் கையில். நேரே போனால் ஏரிக்கரை இடுகாடு, இடது பக்கம் நிலம். இடது பக்கம் திரும்பினார். டிராக்டரைச் சுற்றிக்கொண்டு போனோம். நிலத்தின் நடுவுக்குப் போகவில்லை. தூரத்து மூலையில், முள்வேலி ஓரமாக நின்று, "இங்க வையுங்க" என்றார். மீதியை விற்றுக்கொள்ளலாம் என்ற கணக்கு முகத்தில் தெரிந்தது. கண்ணில் தண்ணீரும் வழிந்துகொண்டிருந்தது. செல்வி தலையசைத்தாள்.

மண் மூடியதும் சுபேதார், துபாயிலிருந்தே பச்சைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பியூகிளை எடுத்தார். வீரர்களை அடக்கம் செய்யும்போது ஊதுவது 'லாஸ்ட் போஸ்ட்'. இன்றைக்கு அது ராணுவக் கணக்கில் இல்லை, அவருடைய சொந்தக் கணக்கு. பட்டாளத்தில் எத்தனையோ பேருக்கு அவர் ஊதியிருக்கிறார். ஆனால் அது முன்பல் இருந்த காலம். உதட்டில் வைத்து ஊதினார். ஆட்டுக்குட்டி கத்தியது போல ஒரு சத்தம். மறுபடி ஊதினார். பல்செட் நழுவியது, கையால் பிடித்துத் தள்ளிக்கொண்டார். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்கே சிரிப்பு முட்டியது, தலையைக் குனிந்துகொண்டேன்.

சுபேதார் பியூகிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிமிர்ந்தார். வாயாலேயே பாடத் தொடங்கினார். சொல் இல்லை. தா... தாஅ... என்று வெறும் இழுப்பு. குரல் நன்றாகவும் இல்லை. நடுவில் ஓர் இடத்தில் உச்சத்துக்குப் போக முடியாமல் உடைந்தது. உடைந்த இடத்தில் நிற்காமல், அடுத்த இழுப்பை எடுத்தார். மலர் வளையம் கொண்டுவந்தவர் சைக்கிளை விட்டுவிட்டு விறைப்பாக நின்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, காலியான அந்தப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மேஜையாக்கி, குடும்ப ஓய்வூதிய மனுவை நிரப்பிக்கொண்டிருந்தார். செல்விக்குக் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்திருந்தார். "செல்வராணின்னு போடு. இந்தக் காகிதத்துல மட்டும் நீ செல்வராணி. மறந்துட்டு செல்வின்னு போட்டே, நான் திரும்ப வரணும்."

"வாங்க" என்றாள் அவள். அந்த இரண்டு நாளில் அவள் சிரித்ததாக எனக்குத் தெரிந்தது அந்த ஒரு தடவைதான்.

விடுமுறை முடிந்து துபாய் திரும்பியதும் நானாகவே கீழே போய், "நாயக், என் பேரை எழுதிக்குங்க" என்றேன்.

"இப்ப வேணாம் சார். சாவு வூட்டுலேருந்து வந்தவங்க சரியா யோசிக்க மாட்டாங்க. ஒரு மாசம் போவட்டும்."

சரியாக ஒரு மாதம் கழித்து வந்தார். என் அலுவலக நண்பர்கள் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாயசம் பரிமாறுகிற நேரம், நோட்டோடு வாசலில். நான் எல்லோர் முன்னாலும், "அனுப்பணும்" என்றேன். விருந்தாளிகளுக்கு என் மனைவி என்ன விளக்கம் சொன்னாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் கட்டடம் கைமாறியது. புது முதலாளி கேமராக்கள் மாட்டினார். சுபேதாரின் விசா ரத்தாகி, அவர் ஊருக்குப் போனார். விமான நிலையத்துக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். நோட்டை மெஸ் முருகேசனிடம் கொடுத்திருந்தார். முருகேசன் அதில் ஒரு பக்கத்தில் மசாலாக் கணக்கு எழுதிவிட்டார் என்று கேள்விப்பட்டு, போன் போட்டு அரை மணி நேரம் திட்டினார்.

இந்த ஜூலையில், ஒரு சனிக்கிழமை காலை, அவருடைய மகள் கூப்பிட்டாள். முந்தின நாள் போய்விட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது. காய்ச்சல் மூன்று நாள். நல அலுவலகத்தில் முன்பே போய்ச் சொல்லி வைத்திருந்தாராம், மலர் வளையம் வந்துவிட்டது. குழி வெட்டுகிறவரிடம் அளவு சொல்லியிருந்தார். யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். அதில் நான் ஏழாவது.

"எல்லாத்தையும் அவரே முடிச்சு வச்சிட்டாரு சார்" என்றாள் அந்தப் பெண். "எங்களுக்கு அழுவுறத வுட்டா ஒரு வேலையும் வைக்கல."

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது தலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் இறந்த செய்தி வந்தால் மட்டும்தான் அவள் அப்படித் தலைக்கு ஊற்றிக்கொள்வாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"போய்க் குளிங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். ஜூலையில் இங்கே குழாயைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர்தான் வரும். எனக்கும் ஒரு வாளி பிடித்து ஆற வைத்திருந்தாள்.